கரப்பானுக்கு மல்லாட்டை ஆகுமா?

மல்லாட்டை என்றால் உங்களில் பாதிப் பேருக்குப் புரியாது. வேர்க்கடலைதான். சில ஊரில் கடலைக்காய், சில ஊரில் நிலக்கடலை, எங்க விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்று பழைய ஆட்கள் சொன்னது வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆயிடுச்சு. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கிணத்துப் பாசனம். மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை, மத்த நாளில் நெல்லு, உளுந்து. வீட்டில் அரிசி தீர்ந்த நாள் உண்டு, மல்லாட்டை இல்லாத நாள் கிடையாது. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மல்லாட்டை எப்போ குடுக்கறது என்று ரெண்டு மாசம் சண்டை நடந்தது என்றால் சிரிப்பீங்க. நடந்தது.

பாப்பா பிறந்தது போன ஐப்பசியில். நாலாவது மாசம் கன்னம் ரெண்டும் சிவந்து, சொரசொரன்னு ஆகி, முழங்கை மடிப்பில் லேசா நீர் கசிய ஆரம்பிச்சுது. ஆயா பார்த்த உடனே சொல்லிட்டாங்க, "கரப்பான்டா இது." எங்க ஆயாவுக்கு எண்பது தாண்டியாச்சு. இந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதியைக் காலில் படுக்க வச்சுக் குளிப்பாட்டினவங்க. அவங்க தீர்ப்பு: மல்லாட்டை கரப்பான் பண்டம். பிள்ளைக்கு ரெண்டு வயசு வரைக்கும் காட்டக் கூடாது. பால் குடுக்கற தாயும் தொடக் கூடாது.

அன்னைக்கு ராத்திரியே என் வீட்டுக்காரம்மாவுக்குச் சட்னி நின்னு போச்சு. கத்தரிக்காய் நின்னுது, கருவாடு நின்னுது. பால் குடுக்கறவளுக்கு அகோரப் பசி. அவள் தட்டில் ரசம் சோறு.

சென்னையில் இருக்கும் மனைவியின் அக்கா போனில் வேற மாதிரி சொன்னாங்க. "தம்பி, அது அலர்ஜி. மூச்சே நின்னுடும். மூணு வயசு வரைக்கும் கடலை பக்கமே போகாதீங்க, எங்க டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்." காரணம் வேற, முடிவு ஒண்ணு. ஆயாவுக்கும் அண்ணிக்கும் எதிலும் ஒத்துப் போகாது, இதில் ஒத்துப் போச்சு. போனைத் திறந்தால் ஒரு வீடியோ குடு என்கிறது, அடுத்த வீடியோ குடுக்காதே என்கிறது. ரெண்டிலும் வெள்ளைக் கோட்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிலத்துப் பக்கம் போயிட்டு வரணும்.

எனக்கு அப்போ பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். மல்லாட்டையில் புது ரகம் பார்க்கறதுக்காக எங்க நிலத்தில் சோதனைத் திடல் போட்டாங்க. மூணு ரகம், ஒவ்வொண்ணுக்கும் நாலு பாத்தி, ஆக பன்னிரண்டு பாத்தி. அளந்து கயிறு கட்டினதும் எங்க அப்பா, "சார், புது ரகத்தை எருக்குழி ஓரம் போடுங்க, அங்கதான் நல்லா வரும்" என்றார். வந்திருந்த அதிகாரி சிரிச்சுக்கிட்டே நோட்டுத் தாளைக் கிழிச்சு, ரகத்தின் பேரைப் பன்னிரண்டு சீட்டில் எழுதி, சுருட்டி, என் கையில் குடுத்துக் குலுக்கி எடுக்கச் சொன்னார். எந்தச் சீட்டு வருதோ அந்தப் பாத்திக்கு அந்த ரகம். அப்பாவுக்குக் கோபம். "விவசாயத்தைச் சீட்டு குலுக்கியா பண்றது?"

அதிகாரி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "ஐயா, நீங்க நல்ல இடத்தில் போட்டு நல்லா விளைஞ்சா, அது ரகத்தால விளைஞ்சுதா, எருவால விளைஞ்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த 'எப்படித் தெரியும்' என்னை விடவே இல்லை. பின்னாடி படிச்சப்போதான் தெரிஞ்சுது, இது எங்க நிலத்தில் மட்டும் நடந்த கூத்து இல்லை, உலகம் முழுக்க மருந்தைச் சோதிக்கிற முறையே வயலில் இருந்து போனதுதான். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்று ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம், 1843 இல் ஆரம்பிச்சது. 1919 இல் ரொனால்ட் ஃபிஷர் என்கிற கணக்கு வாத்தியார் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனுஷன் முடிவு பண்ணக் கூடாது, குலுக்கலுக்கு விடணும் என்பதை முறையாக எழுதி வச்சவர் அவர். அதுக்கு அப்புறம்தான் டாக்டர்கள் அதை எடுத்துக்கிட்டாங்க. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கேட்குதா என்று குலுக்கல் முறையில் பார்த்த முடிவு 1948 இல் வந்தது. நம்ம சென்னையிலேயே 1950 களின் கடைசியில் காசநோய்க்காரர்களைக் குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு சானடோரியத்தில், பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து குடுத்துப் பார்த்தாங்க. குடிசை வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினாங்க. மாசக் கணக்கில் குடும்பத்தை விட்டுட்டுப் போய்ப் படுத்துக் கிடக்கிற வழக்கத்தை உலகம் முழுக்க மாத்தின சோதனை அது. நம்ம பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் இது இருக்கணும்.

மறுபடி பாப்பாவுக்கு வருவோம்.

பிரசவத்தன்னைக்கே முதல் பிரச்சினை வந்தது. சேனை வைக்கணும், சீனித் தண்ணியும் தேனும் கொண்டாந்தாச்சு என்று சொந்தக்காரங்க நின்னாங்க. ஊரில் யார் கெட்டிக்காரரோ அவர் கையால் வச்சா அவர் புத்தி வருமாம். தேன் விஷயம் சந்தேகமே இல்லாமல் முடிஞ்ச விஷயம். ஒரு வயசுக்குக் கீழே தேன் கூடாது. தேனில் சில சமயம் இருக்கிற ஒரு கிருமியின் வித்து, பெரியவங்க குடலில் ஒண்ணும் பண்ணாது, பச்சைப் பிள்ளை குடலில் முளைச்சு விஷம் கக்கும், பிள்ளை துவண்டு போகும். 1976 இல் கலிபோர்னியாவில் இதைக் கண்டுபிடிச்சாங்க. நர்சம்மா அந்தச் சங்கைக் கையில் இருந்து வாங்கி ஓரமா வச்சுட்டு, பிள்ளையை அம்மா மார்பில் போட்டாங்க. வேலை முடிஞ்சுது.

சீம்பாலுக்கு ஆயாகிட்ட வாதாடவே தேவைப்படலை. எங்க தொழுவத்தில் கன்னு ஈன்ற உடனே, அது எழுந்து நிக்கிறதுக்குள்ள சீம்பாலை ஊட்டச் சொல்றவங்க அவங்கதான். ஆனா ஒரு விஷயம், கன்னுக்கு நல்லது பிள்ளைக்கும் நல்லது என்று நேரா தாண்ட முடியாது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியா எதிர்ப்புச் சத்து கன்னுக்குப் போகாது, அதனால் முதல் நாள் சீம்பால் இல்லைன்னா கன்னு அம்போ. மனுஷப் பிள்ளை கொஞ்சம் சத்தைக் கர்ப்பத்திலேயே வாங்கிட்டு வருது. அப்போ சீம்பால் எவ்வளவு முக்கியம்? கானா நாட்டில் சுமார் 11,000 பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்காங்க, 2006 இல் வந்த ஆய்வு. முதல் நாள் தாண்டித் தாய்ப்பால் ஆரம்பிச்ச பிள்ளைகள், முதல் மாசத்தில் சாகிறது இரண்டு மடங்குக்கும் மேல். "பலவீனமான பிள்ளை சப்ப முடியாமல் தள்ளிப் போயிருக்கலாமே" என்று கேட்கத் தோணும். அவங்களும் அதைக் கேட்டுக்கிட்டு, பிறந்தப்பவே நோஞ்சானா இருந்த பிள்ளைகளைத் தள்ளிட்டும் பார்த்திருக்காங்க, கணக்கு மாறலை. இந்த மாதிரி தன்னைத்தானே கேள்வி கேட்கிற ஆய்வு என்றால் எனக்கு ஒரு மரியாதை.

டாக்டர் சொன்னா மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. இதை நான் திமிரா சொல்லலை. பெஞ்சமின் ஸ்போக் என்று ஒரு அமெரிக்க டாக்டர், பிள்ளை வளர்ப்புப் புத்தகம் எழுதினவர், கோடிக்கணக்கில் வித்த புத்தகம். 1950 களில் இருந்து அவர், பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைங்க, வாந்தி எடுத்தால் புரை ஏறாது என்று எழுதினார். கேட்கறதுக்கு நியாயமா இருக்கு இல்லையா? வெள்ளைக்கார நாடுகளில் ஒரு தலைமுறையே அப்படித் தூங்குச்சு. தொட்டிலில் காரணம் தெரியாமல் பிள்ளைகள் செத்துக்கிட்டே இருந்தது. இதுக்குக் குலுக்கல் போட முடியாது, எந்தத் தாய் சம்மதிப்பாள்? பிள்ளை செத்த வீட்டையும் சாகாத வீட்டையும் வரிசையா ஒப்பிட்டுத்தான் பார்த்தாங்க. குப்புறத் தூங்கின பிள்ளைகள்தான் அதிகம் செத்திருக்கு. மல்லாக்கப் படுக்க வைங்க என்று பிரிட்டனில் 1991 இல், அமெரிக்காவில் 1994 இல் பிரசாரம் ஆரம்பிச்ச பிறகு சாவு சரசரன்னு குறைஞ்சுது. இதில் நெஞ்சை அடைக்கிற விஷயம் வேற. 2005 இல் பழைய ஆய்வுகளை எல்லாம் அடுக்கிப் பார்த்தவர்கள், இந்த உண்மை 1970 லேயே கண்ணுக்குத் தெரியற மாதிரி கிடந்தது என்று சொன்னாங்க. அப்பவே கூட்டிக் கழிச்சுப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000 பிள்ளைகளுக்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்த்துக் குறைஞ்சது 50,000 பிள்ளைகள் பிழைச்சிருக்கும். ஆயா சொன்னாலும், டாக்டர் சொன்னாலும், புத்தகம் சொன்னாலும் எருக்குழி ஓரத்துக் கேள்வியை நான் கேட்கிறது இதனால்தான்.

அப்போ மல்லாட்டை?

அண்ணி சொன்னது அண்ணியின் கற்பனை இல்லை. 2000 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, அலர்ஜி வர வாய்ப்புள்ள பிள்ளைக்கு மூணு வயசு வரைக்கும் வேர்க்கடலை வேணாம் என்றுதான் சொல்லியிருந்தது. ஒத்துக்காத பொருளைத் தள்ளி வச்சா ஒத்துக்காமை வராது என்கிற நினைப்பு. எட்டு வருஷத்தில் அந்த ஆலோசனையை அவங்களே எடுத்துட்டாங்க, ஆதாரம் போதலை என்று.

அதே 2008 இல் லண்டனில் கிடியன் லாக் என்கிற டாக்டரும் அவர் கூட்டமும் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. பிரிட்டனில் இருக்கிற யூதப் பிள்ளைகள், இஸ்ரேலில் இருக்கிற யூதப் பிள்ளைகள், ரெண்டு பேருக்கும் பூர்வீகம் ஒண்ணுதான். பிரிட்டனில் ஆயிரத்துக்குப் பதினெட்டுப் பிள்ளைக்குக் கடலை அலர்ஜி, இஸ்ரேலில் ஆயிரத்துக்கு ரெண்டு கூட இல்லை. இஸ்ரேலில் பம்பா என்று கடலை மாவு சேர்த்த பொரி மாதிரி ஒரு தின்பண்டம், பல்லு முளைக்கிறதுக்குள்ள பிள்ளைகள் வாயில் கரையும். பிரிட்டனில் அந்த வயசில் கடலையே கிடையாது.

ஆனா இது ரெண்டு ஊர் விளைச்சலை ஒப்பிடற மாதிரி. செஞ்சியில் மூட்டை கூட வந்துது, திண்டிவனத்தில் குறைஞ்சுது என்றால் மண்ணா, தண்ணியா, விதையா, எப்படித் தெரியும்? அவங்களுக்கும் அது தெரியும். அதனால் சீட்டு குலுக்கினாங்க. நாலு மாசத்தில் இருந்து பதினோரு மாசத்துக்குள் இருந்த 640 பிள்ளைகள். எல்லாமே கடுமையான கரப்பான் இல்லாட்டி முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகள், அதாவது அண்ணி பயந்த அதே ரகம். குலுக்கலில் பாதிப் பேருக்கு வாரத்துக்கு மூணு தடவைக்குக் குறையாமல் கடலை, பாதிப் பேருக்கு அஞ்சு வயசு வரைக்கும் கடலை வாசனையே கிடையாது. 2015 இல் முடிவு வந்தது. தவிர்த்த பிள்ளைகளில் நூத்துக்குப் பதினேழு பேருக்கு அலர்ஜி. சாப்பிட்ட பிள்ளைகளில் நூத்துக்கு மூணு.

நான் இதைப் படிச்சுட்டு வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பயந்து தள்ளி வச்சதே பயந்ததைக் கொண்டு வந்திருக்கு.

இருந்தாலும் உடனே உரலில் போட்டு இடிச்சு ஊட்டிடலை. ஒரு ஊரில் ஜெயிச்ச ரகம் இன்னொரு ஊர் மண்ணில் படுத்துடும், இது விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது லண்டன் பிள்ளைகள். எங்க ஊரில் மல்லாட்டை ஒத்துக்காத ஆளை நான் பார்த்ததே கிடையாது. பிள்ளை உட்கார ஆரம்பிச்சா அம்மா தட்டில் இருக்கிற சட்னியை நக்கத்தான் செய்யும். ஆக, இங்கே கிடைக்கிற லாபம் லண்டன் அளவுக்கு இருக்காது. ஆனா தள்ளி வைக்கிறதால் நஷ்டம் நிச்சயம். எங்க வீட்டில் தினம் பருப்பு கிடையாது, முட்டை வாரத்துக்கு ரெண்டு நாள். மல்லாட்டையையும் எடுத்துட்டா பிள்ளைக்கும் தாய்க்கும் சத்து எங்கே இருந்து வரும்?

இன்னொரு சங்கதி, அந்தச் சோதனையில் சேர்க்கும்போதே தோலில் ஊசிக் குத்திப் பார்த்து, பலமாகத் தடிச்ச பிள்ளைகளைச் சேர்க்கவே இல்லை. கரப்பான் கடுமையா இருக்கிற பிள்ளை, முட்டை ஒத்துக்காத பிள்ளை என்றால் வீட்டில் சோதிச்சுப் பார்க்கிற வேலையே கூடாது, டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான். நகரத்தில் இருந்து படிக்கிறவங்க இந்த வரியை விட்டுடாதீங்க. நாங்களும் பாப்பாவைத் தூக்கிட்டுப் போனோம். டாக்டரம்மா மடிப்பை எல்லாம் விரிச்சுப் பார்த்துட்டு, இது லேசானதுதான், தோலைக் காய விடாதீங்க என்றாங்க. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டேன், தாராளமா என்றாங்க. பிலிப்பைன்சில் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குக் குலுக்கல் போட்டுப் பார்த்திருக்காங்க, கடையில் விற்கிற மினரல் எண்ணெயை விடச் சுத்தமான தேங்காய் எண்ணெய்தான் நல்லாக் கேட்டிருக்கு. இதை ஆயாகிட்ட சொன்னேன். "இதுக்கு ஏண்டா சீட்டு, என்னைக் கேட்டிருக்கலாமில்ல?" என்றாங்க. நியாயமான கேள்வி. ஆயா சொன்னதில் தேங்காய் எண்ணெய் தேறிடுச்சு, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதறது தேறலை. அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. ஒரே வாயில் இருந்து வந்த ரெண்டு விஷயம், ரெண்டையும் தனித்தனியாத்தான் எடை போட வேண்டியிருக்கு.

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். சித்திரையில் பாப்பாவுக்கு ஆறு முடிஞ்சப்போ புது மல்லாட்டை களத்துக்கு வந்திருந்தது. இங்கே நான் ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக்கு மேல் மாயமா செத்துச்சு. என்னடா என்று பார்த்தால் தீனியில் பூஞ்சணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு. அஃப்ளடாக்சின் என்கிற விஷம் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. வறுத்தாலும் முழுசாப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். அதனால் பிடுங்கின செடியைக் காய் மேலே பார்க்கத் திருப்பிப் போட்டு, ஆட்டினா உள்ளே கலகலன்னு சத்தம் வர்ற வரைக்கும் காய வச்சு, சாக்கை ஈரத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கினோம். பாப்பாவுக்கு என்று தனியா எடுத்ததில் சுருங்கினது, நிறம் மாறினது, ஓட்டை விழுந்தது ஒண்ணு விடாமல் பொறுக்கித் தள்ளினாள் என் வீட்டுக்காரம்மா. கடையில் வாங்கறவங்களும் இதைப் பண்ணலாம். கசக்கிற பருப்பைத் துப்பிடுங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காய்ச்சல் சளி எதுவும் இல்லாத நாளாப் பார்த்து, வறுத்து நைசா அரைச்ச விழுதைக் கேழ்வரகுக் கூழில் தண்ணியாக் கரைச்சு, ஸ்பூன் நுனியில் தொட்டு வச்சாள். முழுப் பருப்பு அஞ்சு வயசு வரைக்கும் ஆகாது, தொண்டையில் சிக்கிடும். பத்து நிமிஷம் பார்க்கணும், அப்புறம் மிச்சத்தைக் குடுத்து ரெண்டு மணி நேரம் கவனிக்கணும். உதடு வீங்குதா, உடம்பில் தடிப்பு வருதா, இருமுதா, வாந்தியா, இப்படி. வண்டியில் பெட்ரோல் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டு நான் திண்ணையில். ஆயா வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டாங்க, பார்க்க மாட்டாங்களாம். என் வீட்டுக்காரம்மா, "ஏங்க, மூச்சு சரியா இருக்குதில்ல?" என்று ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம். படிச்சது அத்தனையும் தெரியும், 640 பிள்ளை தெரியும். ஆனா மடியில் இருக்கிறது ஒரே பிள்ளை. நூத்துக்கு மூணு என்கிற எண்ணுக்கு அப்போதான் முகம் வந்தது.

ஒண்ணும் ஆகலை. பாப்பா ஸ்பூனைக் கடிச்சுக்கிட்டே தூங்கிப் போச்சு. வாரத்துக்கு மூணு நாள் அப்படியே தொடருது. கரப்பான் வேனலில் ஒரு தடவை கூடிச்சு, ஆடியில் குறைஞ்சுது. மல்லாட்டையால் கூடிச்சு என்று ஆயாவும், வேர்வையால் என்று நானும். ஒரே பாத்தியில் விளைஞ்சதை வச்சு ரெண்டு பேருமே ஜெயிக்க முடியாது. என் வீட்டுக்காரம்மாவுக்குச் சட்னி மட்டும் அன்னைக்கு மத்தியானமே திரும்பி வந்துடுச்சு.

இப்போ பதினோரு மாசம். சுவத்தைப் பிடிச்சு நிக்கறாள். அண்ணி ஆசையா ஒரு வாக்கர் அனுப்பியிருந்தாங்க, உள்ளே உட்கார வச்சா உருளுமே, அந்த வட்ட பிளாஸ்டிக். படியில் உருண்டு மண்டை உடையுது, நடையும் ஒண்ணும் சீக்கிரம் வரலை என்று கனடாவில் 2004 லேயே அதன் விற்பனையைத் தடை பண்ணிட்டாங்க. எங்க வீட்டில் வாசலுக்கும் களத்துக்கும் நடுவே மூணு படி. அண்ணி மனசு நோகாமல் அதில் வெங்காயம் கொட்டி வச்சிருக்கு. "அந்தக் காலத்து நடைவண்டி இருக்கும்போது இது எதுக்கு?" என்றாங்க ஆயா. நடைவண்டி வேற ஜாதி, பிள்ளை தன் காலில் நின்னு, தானே தள்ளணும். இதில் ஆயாவோட எனக்கு வழக்கே கிடையாது. ஆசாரிகிட்ட சொல்லியாச்சு, சக்கரத்துக்குப் பூவரசங்கட்டை கேட்டிருக்கார். கிணத்து மேட்டில் ஒரு கிளை தோதா இருக்கு, ஞாயித்துக்கிழமை வெட்டணும்.